சூரியனை நோக்கி மேலே போனால் ஏன் குளிர்கிறது? வளிமண்டல அடுக்குகள் பற்றி ஒரு நீண்ட பதில்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பது இதுதான்: கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு என்றால் அது ஏன் தரையில் வந்து தேங்கவில்லை? வளிமண்டல அடுக்குகள் என்பது கனமான வாயு கீழே, லேசான வாயு மேலே என்று பிரிந்து நிற்பதுதானா? மேலே போகப் போகச் சூரியன் பக்கம்தானே போகிறோம், பிறகு ஏன் கொடைக்கானல் குளிர்கிறது? மூன்றுமே நல்ல கேள்விகள். பாடப்புத்தகம் அடுக்குகளின் பெயரையும் உயரத்தையும் அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது, அதனால் பிள்ளைகள் ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்கிறார்களே தவிர ஏன் ஐந்து என்று யாரும் கேட்பதில்லை.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வரை காற்றின் கலவை கிட்டத்தட்ட ஒன்றேதான். அடுக்குகளைப் பிரிப்பது வாயு அல்ல, வெப்பநிலை. வெயில் எந்த உயரத்தில் உறிஞ்சப்படுகிறதோ அந்த இடம் சூடாக இருக்கும், அங்கிருந்து விலகினால் குளிரும். நம் வளிமண்டலத்தில் இப்படி மூன்று இடங்கள் இருக்கின்றன, மூன்று அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: தரை ஒன்று, ஓசோன் இருக்கும் பகுதி ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெல்லிய காற்று ஒன்று. இது புரிந்தால் அட்டவணையை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சரி, கலவையிலிருந்து தொடங்கலாம். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் காற்றில் நைட்ரஜன் 78.08 சதவீதம், ஆக்சிஜன் 20.95, ஆர்கான் 0.93. இந்த மூன்றைக் கூட்டினாலே 99.96 வந்துவிடும். மிச்சமிருக்கும் 0.04 சதவீதத்தில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, அதற்குப் பிறகு நியான், ஹீலியம், மீத்தேன், கிரிப்டான் எல்லாம் துளித்துளி. ஹவாயில் மவுனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் மூலக்கூறில் சுமார் 315 கார்பன் டை ஆக்சைடாக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அளவு சின்னதுதான், ஆனால் அதன் வேலை பெரிது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது இடத்தில் இருக்கும் ஆர்கானை யாரும் கண்டுகொள்வதில்லை, அந்தக் காலத்திலும் கண்டுகொள்ளவில்லை. கார்பன் டை ஆக்சைடைவிட 20 மடங்குக்கு மேல் இருந்தும் 1894 வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ராலே பிரபு காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்தார், காற்றிலிருந்து எடுத்தது அரை சதவீதம் போல அதிகமாகக் கனத்தது. இன்னொருவராக இருந்தால் தராசைக் குறை சொல்லிவிட்டு விட்டிருப்பார். அவர் விடவில்லை. வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார், இருவரும் அதற்குள் ஒளிந்திருந்த புது வாயுவைப் பிடித்தார்கள், 1904-ல் ஒருவருக்கு இயற்பியல் நோபல், மற்றவருக்கு வேதியியல் நோபல். இதில் வேடிக்கை என்னவென்றால், 1785-லேயே ஹென்றி கேவண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சி எல்லாவற்றையும் வினைபுரிய வைத்தபோது கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் எதற்கும் மசியாமல் நின்றது, அவர் அதைக் குறித்தும் வைத்திருந்தார். நூறு வருடத்துக்கு மேல் அந்தக் குமிழியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் காற்றில் உள்ள ஆர்கான் எல்லாம் பெரும்பாலும் பாறைகளில் இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைந்து, கோடிக்கணக்கான வருடங்களாகக் கசிந்து வந்து சேர்ந்தது.

பட்டியலில் வராத முக்கியமான ஆள் நீராவி. இடத்துக்கு இடம் மாறுவதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குளிர்காலத்து லடாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு இருக்கும், மே மாதம் கடல்காற்று வீசும் சென்னையில் 3 சதவீதத்தைத் தாண்டும். ஈரக் காற்று கனமானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், புழுக்கத்தில் மூச்சு முட்டுவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மை நேர் எதிர். நீர் மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி 29, அதனால் ஈரம் கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது, மேலே ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது முதல் கேள்வி. கார்பன் டை ஆக்சைடு (எடை 44) ஏன் அடியில் தங்கவில்லை? தனித்தனி மூலக்கூறாகப் பார்த்தால் அவை ஒவ்வொன்றும் விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் ஓடி, விநாடிக்குப் பல நூறு கோடி தடவை மோதிக்கொண்டிருக்கின்றன, 'கீழே இறங்கி உட்கார' ஒன்றுக்கும் நேரமில்லை. அதைவிடப் பெரிய காரணம் காற்றே ஓயாமல் புரண்டுகொண்டிருப்பது. தரை சூடாகிக் காற்று எழுவது, மழைமேகம், புயல், இன்னும் உயரே காற்றில் எழும் அலைகள் உடைவது என்று யாரோ ஒருவர் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எடைப்படி பிரிய வேண்டுமென்றால் காற்று பல காலம் அசையாமல் நிற்க வேண்டும், அப்படி ஒரு காலம் பூமியில் வருவதில்லை.

அதற்காகக் கார்பன் டை ஆக்சைடு ஒருபோதும் தேங்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கலக்க விடாமல் மூடிய இடத்தில், கலப்பதைவிட வேகமாக வாயு உற்பத்தியானால் தேங்கும். ரொம்ப நாள் மூடிக்கிடந்த கிணறு, தானியக் குழி, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் இந்த வகை. தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் உள்ளே மயங்கினால் காப்பாற்றப் போகிறவரும் போய்விடுகிறார் என்று செய்தியில் படிக்கிறோமே, இதனால்தான். திறந்த வெளியிலேயே நடந்ததும் உண்டு: 1986 ஆகஸ்ட் 21 இரவு, கேமரூனில் நையாஸ் ஏரியின் அடியில் கரைந்து கிடந்த கார்பன் டை ஆக்சைடு திடீரென்று மொத்தமாகப் பொங்கி, தரையோடு தரையாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேரைக் கொன்றது. பிறகு அந்த வாயுவும் காற்றில் கலந்து போய்விட்டது.

இந்த இடத்தில் புளியமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது, பேய் என்று சொன்னதெல்லாம் மரம் விடும் கார்பன் டை ஆக்சைடைத்தான், நம் முன்னோர்கள் அறிவியலாகச் சொன்னார்கள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரம் இரவில் கார்பன் டை ஆக்சைடு விடுவது உண்மைதான். ஆனால் திறந்த வெளியில் அது வந்த வேகத்தில் கலந்துவிடும். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு மூச்சில் விடுகிறார், அந்தக் கணக்குப்படி பார்த்தால் சின்ன அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு நான்கு பேர் படுப்பதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

மலையில் ஆக்சிஜன் குறைவு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொடைக்கானலிலும் ஆக்சிஜன் 20.95 சதவீதம்தான், எவரெஸ்ட் உச்சியிலும் அதே 20.95 சதவீதம்தான். குறைவது விகிதம் அல்ல, மொத்தக் காற்று. நம் தலைக்கு மேலே நிற்கும் காற்றின் எடை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன். அந்த எடையால் கீழே உள்ள காற்று அமுங்கி நெருக்கமாக இருக்கிறது, மேலே போகப் போக விரிந்து மெலிகிறது. 5.5 கிலோமீட்டர் ஏறிவிட்டால் வளிமண்டலத்தில் பாதி உங்கள் காலுக்குக் கீழே. 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அங்கே பருப்பு வேக நேரமாவது அதனால்தான். எவரெஸ்டில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம்தான் மிஞ்சும். முப்பது கிலோமீட்டருக்குள் 99 சதவீதம் முடிந்துவிடுகிறது. ஆக, இனி நான் சொல்லப் போகும் அடுக்குகளில் பாதிக்கு மேல் அந்த மிச்ச ஒரு சதவீதத்துக்குள் நடக்கிற கதை.

முதல் அடுப்பு தரை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் காற்று அதிகம் உறிஞ்சுவதில்லை, அது நேராக வந்து மண்ணையும் கடலையும் சூடாக்குகிறது, மண்ணும் கடலும்தான் காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று எழும்பும்போது, மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரியும், விரியும்போது குளிரும். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் இரண்டு கிலோமீட்டர் உயர வித்தியாசம் என்றால் சுமார் 13 டிகிரி குறையும், அனுபவத்துக்கும் அது ஒத்துவரும். சூரியனை நெருங்குவது பற்றிய சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது: சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதில் இரண்டு கிலோமீட்டர் கிட்டப் போவதால் எதுவும் ஆகாது. அடுப்பு காலுக்குக் கீழே இருக்கிறது, நாம்தான் அதைவிட்டு விலகிப் போகிறோம். இந்தப் பகுதிதான் ட்ரோபோஸ்பியர், நம் புத்தகத்தில் கீழடுக்கு. மழை, மேகம், இடி, புயல் எல்லாம் இதற்குள்ளேதான்.

இது இப்படியே விண்வெளி வரை குளிர்ந்துகொண்டே போகும் என்றுதான் 19-ம் நூற்றாண்டில் எல்லோரும் நினைத்தார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம் என்று போனவர்களும் உண்டு. 1862 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தில் ஜேம்ஸ் கிளெய்ஷர், ஹென்றி காக்ஸ்வெல் இருவரும் பலூனில் ஏறினார்கள், ஆக்சிஜன் குழாயெல்லாம் கிடையாது. 8,800 மீட்டர் அளவில் கிளெய்ஷருக்குக் கை அசையவில்லை, பார்வை போனது, மயங்கிவிட்டார். வாயுவை வெளியேற்றும் வால்வுக் கயிறு சிக்கிக்கொண்டிருந்தது. காக்ஸ்வெல் மேலே ஏறி அதை விடுவித்தார், ஆனால் கை விறைத்துப் போயிருந்ததால் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். பலூன் இறங்கத் தொடங்கியது, கிளெய்ஷர் கண் விழித்து மறுபடி குறிப்பு எடுக்கத் தொடங்கினார். அவர்கள் போன உயரத்தில்தான் இன்று நமக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து 'சைவமா, அசைவமா' என்று கேட்கிறார்கள்.

ஆள் போவது ஆபத்து என்று தெரிந்ததும் கருவியை மட்டும் அனுப்பினார்கள். பிரான்சில் தெய்செராங் த போர் என்பவர் பாரிசுக்குப் பக்கத்தில் த்ராப் என்ற ஊரிலிருந்து இருநூறுக்கு மேல் பலூன்களை விட்டார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறையாமல் அப்படியே நின்றது. வெயில் பட்டுக் கருவி சூடாகிறதோ என்று சந்தேகப்பட்டு இரவிலும் விட்டுப் பார்த்தார், அப்போதும் அதேதான். 1902-ல் அறிவித்தார், அதே சமயம் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஆஸ்மனும் அதையே கண்டிருந்தார். ட்ரோபோஸ்பியர், ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்ற பெயர்கள் தெய்செராங் வைத்தவை. மீனம்பாக்கத்திலிருந்து இன்றைக்கும் வானிலைத் துறை காலையும் மாலையும் இப்படி ஒரு பலூனை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அது 30 கிலோமீட்டர் போல ஏறி வெடிக்கும் வரை வெப்பநிலையையும் ஈரத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும்.

கீழடுக்கு எங்கே முடிகிறது என்பதில் நாம் இருக்கும் இடத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. துருவப் பக்கம் 8, 9 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் வரை நீளும், ஏனென்றால் இங்கே அடுப்பு பலமாக எரிகிறது, மேகம் அவ்வளவு உயரம் கொதித்து எழுகிறது. இதன் விளைவு பலருக்கு நம்ப முடியாமல் இருக்கும்: 17 கிலோமீட்டர் உயரத்தில் சென்னைக்கு மேலே இருக்கும் காற்று சுமார் மைனஸ் 80 டிகிரி, அதே உயரத்தில் கோடைகாலத்துத் துருவத்துக்கு மேலே இருக்கும் காற்று அதைவிட எத்தனையோ மடங்கு இதமானது. கீழே 40 டிகிரி வெயில், நேர் மேலே உலகத்தின் மிகக் குளிர்ந்த காற்றில் ஒன்று.

இந்த எல்லையைக் கண்ணால் பார்க்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் சென்னையில் மொட்டைமாடியில் நின்று மேற்கே பாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் இடிமழை மேகம் எழும்பி நிற்கும். அதன் தலை உருண்டையாக வளர்ந்துகொண்டே போகாமல் ஓர் உயரத்தில் தட்டி, தட்டையாகப் பரவும். அந்தத் தட்டையான மேல்பரப்புதான் எல்லை. அதற்கு மேலே காற்று குளிர்வதை நிறுத்தி வெதுவெதுப்பாகத் தொடங்குவதால், ஏறி வந்த மேகக் காற்று சுற்றியிருப்பதைவிடக் கனமாகிவிடுகிறது, மேற்கொண்டு ஏற முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். மேகம் மேற்கிலிருந்து வீசும் காற்றில் தள்ளப்பட்டு நம்மை நோக்கிக் கிழக்கே வரும், ஆனால் அதன் தட்டைத் தலை பின்னால் மேற்கே இழுபட்டுக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுவதுதான் காரணம். அந்த வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் நம் வானிலைத் துறையின் கோட்டேஸ்வரம். விமானத்தில் போகும்போது இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்களே, மேலே தாண்டிப் போகலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: விமானம் பறப்பது 10, 12 கிலோமீட்டர், மேகத்தின் தலை 16-ல் இருக்கிறது.

அந்த மைனஸ் 80 டிகிரிக்கு ஒரு பெரிய பயன் உண்டு, பாடப்புத்தகத்தில் இதைச் சேர்த்தால் நன்றாக இருக்கும். மேலே ஏறும் காற்று அந்தக் குளிரைத் தாண்டும்போது அதிலுள்ள ஈரம் ஏறக்குறைய முழுவதும் பனித்துகளாக உறைந்து உதிர்ந்துவிடும். அதற்கு மேலே போகும் காற்றில் பத்து லட்சத்தில் நாலைந்து மூலக்கூறுதான் நீராவி. இந்தத் தடை இல்லாவிட்டால் நீராவி உயரே போய், புற ஊதாக்கதிரில் உடைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடிவிடும், காலப்போக்கில் கடலே மெலிந்துவிடும். வெள்ளிக் கிரகத்துக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது என்று கருதுகிறார்கள்.

இரண்டாவது அடுப்பு ஓசோன். ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்கிற மீள் அடுக்கில், 50 கிலோமீட்டர் வரை, மேலே போகப் போக வெப்பம் கூடுகிறது, உச்சியில் சுமார் 0 டிகிரிக்கு வந்துவிடும். புற ஊதாக்கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாக உடைக்கும், உடைந்த அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகும், ஓசோன் மறுபடி புற ஊதாக்கதிரை வாங்கி உடையும், அந்த ஆற்றல் வெப்பமாகும். சிட்னி சாப்மன் 1930-ல் போட்ட கணக்கு இது. இதில் அடிக்கடி வரும் சந்தேகம்: ஓசோன் அதிகம் இருப்பது 20 முதல் 25 கிலோமீட்டரில், ஆனால் சூடு அதிகம் இருப்பது 50 கிலோமீட்டரில், இது எப்படி? கதிர் மேலிருந்து வருகிறது, முதலில் சந்திக்கும் ஓசோனிலேயே கணிசமாகச் செலவாகிவிடுகிறது. தவிர, அங்கே காற்று மிகக் குறைவு, கொஞ்சம் ஆற்றல் வந்தாலே வெப்பநிலை எகிறிவிடும். மொத்த ஓசோனையும் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும், நம் பக்கம் அதிலும் குறைவு. அதில்தான் 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை தெரிந்தது, 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு, பழைய ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் இருந்து கிளம்பி ஓசோனை அழித்த குளோரோ புளோரோ கார்பன்களை நிறுத்தினார்கள்.

ராக்கெட் வருவதற்கு முன்பே 50 கிலோமீட்டரில் சூடு இருப்பது தெரிந்துவிட்டது, அது எப்படி என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. முதல் உலகப் போரில் பிரான்சில் வெடித்த பீரங்கிச் சத்தம் கடல் தாண்டி இங்கிலாந்தில் கேட்டது, ஆனால் இடையில் இருந்த சில ஊர்களில் கேட்கவில்லை. பெரிய வெடிவிபத்துகளிலும் இப்படித்தான்: கிட்டே கேட்கும், அப்புறம் ஒரு வளையம் முழுக்க அமைதி, 200 கிலோமீட்டர் தாண்டினால் மறுபடி கேட்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் மேலே சூடான அடுக்கு ஒன்று இருந்தால் ஏறிப்போன ஒலி வளைந்து கீழே திரும்பும். இன்னொரு பக்கம், லிண்டமன், டாப்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1920-களின் தொடக்கத்தில் எரிகற்கள் எந்த உயரத்தில் எரிந்து மறைகின்றன என்பதை வைத்துக் கணக்குப் போட்டு, அங்கே காற்று நினைத்ததைவிட அடர்த்தியாக இருக்கிறது, ஆகவே சூடாக இருக்க வேண்டும் என்றார்கள். யாரும் அங்கே போகாமலேயே, காதையும் கண்ணையும் வைத்து இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கார்பன் டை ஆக்சைடுக்கு வருகிறேன் என்றேனே, இங்கேதான். அது கூடினால் கீழடுக்கு சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மீள் அடுக்கோ குளிரும். கீழே அது தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. மேலே காற்று மெலிந்திருப்பதால் அதே வாயு வெப்பத்தை விண்வெளிக்குக் கொட்டும் வழியாகிவிடுகிறது. மனாபே, வெதரால்ட் என்ற இரு காலநிலை விஞ்ஞானிகள் 1967-லேயே கணினியில் இதைச் சொன்னார்கள், பிறகு பலூனும் செயற்கைக்கோளும் அளந்தபோது அப்படியேதான் இருந்தது, மனாபேவுக்கு 2021-ல் நோபல். 'புவி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம், மனிதன் இல்லை' என்று வாதம் செய்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் மேலடுக்கும் சேர்ந்துதானே சூடாக வேண்டும், அது ஏன் குளிர்கிறது?

இடையடுக்கான மீசோஸ்பியரைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை, ஏனென்றால் அங்கே போவதே கஷ்டம். பலூன் அவ்வளவு உயரம் ஏறாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறந்தால் விழுந்துவிடும், ராக்கெட் மட்டும்தான் சில நிமிடம் கடந்து போகும். ஓசோன் அடுப்பைவிட்டு விலகிப் போவதால் மறுபடி குளிர்கிறது, 85 கிலோமீட்டரில் மைனஸ் 90 அளவுக்கு வரும், கோடைகாலத்தில் துருவப் பக்கம் மைனஸ் 130-க்கும் கீழே போகும், பூமியில் அதைவிடக் குளிர்ந்த இடம் கிடையாது. எரிநட்சத்திரங்கள் பெரும்பாலும் இதிலும் இதற்குச் சற்று மேலேயும்தான் எரிகின்றன. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது அதன் புகை 57 கிலோமீட்டர் உயர்ந்து இந்த அடுக்கையே எட்டியது.

மூன்றாவது அடுப்பு வெப்ப அடுக்கில், அதாவது தெர்மோஸ்பியரில் இருக்கிறது. சூரியனின் எக்ஸ் கதிரும், மிகக் குறுகிய அலைநீளம் உள்ள புற ஊதாக்கதிரும் ஓசோன் வரைகூட வருவதில்லை, மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. வெப்பநிலை 500-லிருந்து 2,000 டிகிரி வரை போகும். அப்படியானால் 400 கிலோமீட்டரில் சுற்றும் விண்வெளி நிலையம் ஏன் உருகவில்லை? ஒவ்வொரு துகளும் பயங்கர வேகத்தில் ஓடுகிறது, அதைத்தான் வெப்பநிலை என்று சொல்கிறோம், ஆனால் துகள்களே அரிது, உடம்பில் வந்து மோதிச் சூடேற்றும் அளவுக்கு ஆள் இல்லை. அங்கே வெப்பமானியை நிழலில் தொங்கவிட்டால் உறைபனிக்குக் கீழேதான் காட்டும்.

ஆனால் அந்த அரிதான காற்றும் சும்மா இருப்பதில்லை. சூரியன் சீறும்போது இந்த அடுக்கு சூடாகி விரிந்து மேலே எழும், செயற்கைக்கோளை உரசும். ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப் போகிறது என்று 1979-ல் நம் ஊர்களில் எல்லாம் நடுங்கினார்களே, அது எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே ஜூலை 11 அன்று விழுந்ததற்கு இதுதான் காரணம். துண்டுகள் போய் விழுந்தது மேற்கு ஆஸ்திரேலியாவில். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் சுமார் 40, ஒரு காந்தப் புயலால் விரிந்த காற்றில் உரசி, வேலையைத் தொடங்கும் முன்பே எரிந்துபோயின.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிச் சரி போட்டுவிடுகிறேன். 100 கிலோமீட்டருக்கு மேலே உண்மையாகவே வாயுக்கள் எடைப்படி பிரிகின்றன. அங்கே ஒரு மூலக்கூறு இன்னொன்றை மோத வெகுதூரம் போக வேண்டும், கலக்கிவிடவும் ஆள் இல்லை. முதலில் நைட்ரஜன் மேலோங்கி இருக்கும், 200 கிலோமீட்டர் தாண்டினால் ஒற்றை அணுவாக உடைந்த ஆக்சிஜன், அதற்கும் மேலே ஹீலியம், கடைசியில் ஹைட்ரஜன். அந்த ஒற்றை ஆக்சிஜன் அணு வினைபுரியத் துடிக்கும் வகை, செயற்கைக்கோள்களின் பிளாஸ்டிக் உறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிடும்.

அயனி மண்டலம் என்பது தனி அடுக்கு இல்லை, இடையடுக்கின் மேல்பகுதியிலும் வெப்ப அடுக்கிலும் சூரியக் கதிர் பட்டு எலக்ட்ரான் பிரிந்து கிடக்கும் பகுதி, அவ்வளவுதான். மீடியம் வேவ் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை: பகலில் கரகரவென்று காணாமல் போகும் தூரத்து நிலையம் இருட்டியதும் தெளிவாக வரும். 60 முதல் 90 கிலோமீட்டரில் இருக்கும் டி என்ற பகுதி பகலில் அந்த அலைகளை விழுங்கிவிடும், சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோகும், அதற்கு மேலே இருக்கும் பகுதிகள் அலையைத் திருப்பி அனுப்பும். இந்தியாவின் தென்முனைக்கு இதில் தனி இடம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போகிறது, அதன்மேல் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. தும்பாவை ராக்கெட் தளமாக விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம், திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுவே காரணம். 1963 நவம்பர் 21 மாலை தும்பாவிலிருந்து போன முதல் ராக்கெட் உயரே சோடியம் ஆவியைக் கக்கியது, கேரளத்திலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் வானத்தில் அது நிறம் மாறித் தெரிந்தது, அந்த ஆவி எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்து மேலே வீசும் காற்றை அளந்தார்கள்.

மிச்சம் இருப்பது வெளியடுக்கு. அங்கே துகள்கள் ஒன்றையொன்று மோதுவதே அபூர்வம், எறிந்த கல் போல மேலே போய் வளைந்து கீழே வரும், வேகம் போதுமானதாக இருந்தால் திரும்பாமலே போய்விடும். ஹைட்ரஜனும் ஹீலியமும் நம்மைவிட்டுப் போவது இந்த வாசல் வழியாகத்தான். எங்கே முடிகிறது என்று கேட்டால் கோடு போட்டுக் காட்ட முடியாது. 100 கிலோமீட்டரில் விண்வெளி தொடங்குகிறது என்பது கார்மன் கோடு என்ற ஏற்பாடு, அமெரிக்க விமானப்படை 80 கிலோமீட்டர் தாண்டினாலே விண்வெளி வீரர் பட்டம் கொடுத்துவிடும். 1972-ல் அப்பல்லோ 16 வீரர்கள் நிலாவில் ஒரு கேமராவை வைத்துப் பூமியைச் சுற்றி ஒளிரும் ஹைட்ரஜன் போர்வையைப் படம் எடுத்தார்கள், வெளியே நின்று எடுப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். சூரியனை ஆராயும் சோஹோ (SOHO) செயற்கைக்கோளின் பழைய அளவீடுகளை மறுபடி அலசி 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி அந்தப் போர்வை 6,30,000 கிலோமீட்டர் வரை போகிறது, நிலா இருப்பது சுமார் 3,84,000-ல். அங்கே ஐந்து கன சென்டிமீட்டரில் ஓர் அணு இருக்கும், அதைக் காற்று என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். மகளுக்குத் தேர்வில் கேட்டால் புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் அதற்குத்தான்.